எந்தப் போஸ்? ஒரே குடும்பப் பெயர் கொண்ட வங்காளப் பெருமக்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறிவியல் பாடத்தில் தாவரங்களின் உணர்வை அளந்தவர் போஸ். வரலாற்றுப் பாடத்தில் இந்திய தேசிய இராணுவத்தை நடத்தியவர் போஸ். இயற்பியலில் ஐன்ஸ்டைன் பெயரோடு இணைந்து வருபவரும் போஸ். கடையில் விலை கேட்டால் திகைக்க வைக்கும் ஸ்பீக்கரின் மேல் பொறித்திருப்பதும் போஸ். இவர்களுள் யார் யாருக்கு என்ன உறவு, எந்தச் சாதனை எவருடையது என்பதில் மாணவர்களுக்கும், போட்டித் தேர்வு எழுதுவோருக்கும், சில வேளைகளில் வினாத்தாள் தயாரிப்போருக்கும்கூடக் குழப்பம் நேர்கிறது. அக்குழப்பத்தைத் தீர்க்கும் பொருட்டு இக்கேள்விகளும் விடைகளும் தொகுக்கப்பட்டுள்ளன.

கேள்வி: போஸ் என்பது ஒருவருடைய இயற்பெயரா, குடும்பப் பெயரா?

குடும்பப் பெயர்தான். வங்காளத்தில் காயஸ்தர் என்னும் சமூகத்தாரிடையே பரவலாக வழங்குவது. கோஷ், மித்ரா, குஹா ஆகிய பெயர்களோடு சேர்த்து அச்சமூகத்தின் உயர்குடிப் பெயர்களுள் ஒன்றாக எண்ணப்பட்டு வந்தது. நவாபுகளின் ஆட்சிக் காலத்திலேயே எழுத்து வேலையிலும் வருவாய்க் கணக்கிலும் பழகியிருந்த காயஸ்தர்கள், கல்கத்தாவில் ஆங்கிலக் கல்லூரிகள் திறக்கப்பட்டபோது முதல் வரிசையில் சென்று அமர்ந்தவர்களுள் அடங்குவர். ஆகையால், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து வழக்கறிஞர், பேராசிரியர், விஞ்ஞானி, புரட்சியாளர் என எந்தப் பட்டியலை எடுத்தாலும் இப்பெயர் திரும்பத் திரும்ப வருவது வியப்பன்று. பெயர் அவர்களது சமூகத்தையும் நாட்டுப் பகுதியையும் காட்டுமே தவிர, அவர்கள் ஒரே வீட்டார் என்பதைக் காட்டாது.

நமக்கு இதில் கூடுதல் தடுமாற்றம் ஏற்படுவதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டு வழக்கில் தந்தையின் பெயர் முதலெழுத்தாக முன்னே நிற்க, ஆளின் பெயர் இறுதியில் வருகிறது. அதே பழக்கத்தில் வங்காளப் பெயரைப் படிக்கும்போது, கடைசியில் நிற்கும் குடும்பப் பெயரை ஆளின் பெயராக நினைவில் வைத்துக்கொண்டு, ஆளைக் காட்டும் முன்பகுதியை மறந்துவிடுகிறோம்.

கேள்வி: ஜோதி பாசுவின் பெயரில் உள்ள பாசுவும் போஸும் ஒன்றா?

ஒன்றே. வங்க எழுத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டல்தான். ஆங்கிலத்தில் எழுதப் புகுந்தபோது சில குடும்பங்கள் போஸ் என்றும், சில குடும்பங்கள் பாசு என்றும் எழுதலாயின. 1977 முதல் 2000 வரை மேற்கு வங்கத்தின் முதலமைச்சராக இருந்த ஜோதி பாசு, வங்க மொழி வழக்கின்படி பார்த்தால், சுபாஷ் சந்திரரின் குடும்பப் பெயரையே உடையவர். ஆனால் இருவருக்கும் உறவில்லை.

கேள்வி: ஜகதீஷ் சந்திர போஸ், சத்யேந்திர நாத் போஸ், சுபாஷ் சந்திர போஸ் ஆகிய மூவரும் உறவினர்களா?

இல்லை. ஜகதீஷ் சந்திரர் 1858-ல் மைமன்சிங்கில் பிறந்தவர்; அவரது பூர்வீகம் இன்று வங்கதேசத்தில் உள்ள விக்ரம்பூர்ப் பகுதி. சத்யேந்திரர் 1894-ல் கல்கத்தாவில் பிறந்தார். அவர் குடும்பத்தின் சொந்த ஊர் நதியா மாவட்டத்தைச் சேர்ந்தது. சுபாஷ் 1897-ல் ஒடிசாவின் கட்டாக்கில், வழக்கறிஞர் ஜானகிநாதரின் மகனாகப் பிறந்தார். அவர்களது மூதாதையர் ஊர் கல்கத்தாவுக்குத் தெற்கேயுள்ள கோதாலியா.

உறவு இல்லாவிட்டாலும் இம்மூவரையும் ஒரே கட்டடம் சேர்த்து வைத்திருந்தது என்பது பலர் கவனிக்காத செய்தி. கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் ஜகதீஷ் சந்திரர் 1885 முதல் 1915 வரை இயற்பியல் பேராசிரியராக இருந்தார். அவரிடம் பாடம் கேட்ட சத்யேந்திரர் 1915-ல் முதுநிலைத் தேர்வில் முதலிடம் பெற்றார். இரண்டாமிடம் பெற்றவர், பின்னாளில் இயற்பியலாளராகப் புகழ்பெற்ற மேகநாத் சாகா. சுபாஷ் அக்கல்லூரியில் 1913-ல் சேர்ந்து, இந்திய மாணவர்களிடம் முறைகேடாக நடந்துகொண்டதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஓட்டன் என்னும் ஆங்கிலேயப் பேராசிரியர் தாக்கப்பட்ட நிகழ்ச்சியை ஒட்டி 1916-ல் வெளியேற்றப்பட்டார். ஆக, முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு ஒரே கல்லூரியின் பதிவேடுகளில் ஆசிரியராக ஒரு போஸும், மாணவர்களாக இரண்டு போஸ்களும் இருந்திருக்கின்றனர்.

இன்னும் நெருக்கமாகத் தேடினால் கிடைப்பது சுற்றிவளைத்த ஒரு தொடர்பு. ஜகதீஷ் சந்திரரின் மனைவி அபலா, துர்கா மோகன் தாஸின் மகள்; துர்கா மோகனின் தம்பி மகன் சித்தரஞ்சன் தாஸ்; அந்தச் சித்தரஞ்சன் தாஸைத்தான் சுபாஷ் தம் அரசியல் குருவாகக் கொண்டார். இதை உறவுமுறை என்று சொல்லிக்கொள்ள முடியாது. அக்காலக் கல்கத்தாவின் படித்த வட்டம் எவ்வளவு சிறியது என்பதற்குச் சான்றாகக் கொள்ளலாம்.

கேள்வி: அப்படியானால் உண்மையில் உறவினராக இருந்த போஸ்கள் எவர்?

சுபாஷின் அண்ணன் சரத் சந்திர போஸ். வழக்கறிஞர், காங்கிரஸ் தலைவர்களுள் ஒருவர். 1941 ஜனவரியில் வீட்டுக் காவலிலிருந்து சுபாஷ் தப்பியபோது காரை ஓட்டிச் சென்ற சிசிர் குமார் போஸ், இந்தச் சரத் சந்திரரின் மகன்.

ஜகதீஷ் சந்திரரின் பக்கம் வந்தால் கதை சற்றுச் சிக்கலானது. அவருடைய சகோதரிகள் இருவர், ஆனந்த மோகன் போஸ், மோகினி மோகன் போஸ் என்னும் சகோதரர்களை மணந்தனர். எனவே பிறந்த வீட்டிலும் போஸ், புகுந்த வீட்டிலும் போஸ். ஆனந்த மோகன், கேம்பிரிட்ஜில் கணிதத் தேர்வில் முதல் வகுப்பு பெறுவோருக்குரிய ராங்க்ளர் நிலையை எட்டிய முதல் இந்தியர். 1898-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. சென்னை மாநாட்டின் தலைவர் போஸ் என்று படித்தவுடன் சுபாஷை எண்ணிக்கொள்பவர்கள், அந்த ஆண்டில் சுபாஷுக்கு ஒரு வயது என்பதை நினைவுகொள்க. மோகினி மோகனின் மகன் தேவேந்திர மோகன் போஸ் இயற்பியலாளர். தாய்மாமன் ஜகதீஷ் சந்திரர் 1937-ல் மறைந்தபின், அம்மாமன் நிறுவிய ஆய்வகமான போஸ் நிறுவனத்தின் இயக்குநராக 1938 முதல் 1967 வரை இருந்தார். விபா சௌதரி என்ற பெண் விஞ்ஞானியுடன் சேர்ந்து, மலையுச்சிகளில் ஒளிப்படத் தகடுகளை வைத்து விண்கதிர்களிலிருந்து வரும் மெசான் என்னும் அணுவினும் சிறிய துகள்களின் தடங்களை அவர் ஆராய்ந்தார். போர்க்காலத்தில் தரமான தகடுகள் கிடைக்காமல் அம்முயற்சி நின்றுபோயிற்று. அதே முறையைச் செம்மைப்படுத்திய ஆங்கிலேய இயற்பியலாளர் பவல் 1950-ல் நோபல் பரிசு பெற்றார். என் கணிப்பில், போஸ்களுள் மிகக் குறைவாகப் பேசப்படுபவர் இந்தத் தேவேந்திர மோகனே.

ராஜசேகர் போஸ், கிரீந்திரசேகர் போஸ் ஆகிய இருவரும் உடன்பிறந்தோர். முன்னவர் வேதியியலாளர், பரசுராம் என்ற புனைபெயரில் நகைச்சுவைக் கதைகள் எழுதியவர். பின்னவர் மனநல மருத்துவர். ஃபிராய்டுடன் நெடுங்காலம் கடிதத் தொடர்பு வைத்திருந்து, 1922-ல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை அமைத்தவர்.

கேள்வி: போசான் என்ற துகள்வகைப் பெயர் எந்தப் போஸைக் குறிக்கிறது?

சத்யேந்திர நாத் போஸை. ஜகதீஷ் சந்திரருக்கும் இப்பெயருக்கும் தொடர்பில்லை.

டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிக்கொண்டிருந்த சத்யேந்திரர், 1924 ஜூன் மாதம் ஐன்ஸ்டைனுக்கு ஓர் ஆய்வுக் கட்டுரையை அனுப்பினார். சூடான பொருள் உமிழும் கதிர்வீச்சை விவரிக்கும் பிளாங்க்கின் விதியை, பழைய மின்காந்தக் கோட்பாட்டின் உதவியின்றி, ஒளித்துகள்களை எண்ணும் முறை ஒன்றினாலேயே வருவித்திருந்த கட்டுரை அது. ஒளித்துகள் ஒன்றை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்திச் சொல்ல இயலாது என்ற கருத்து அந்த எண்ணும் முறையின் உள்ளே பொதிந்திருந்தது. ஐன்ஸ்டைன் தாமே அதை ஜெர்மன் மொழியில் பெயர்த்து அங்குள்ள முன்னணி இயற்பியல் இதழில் வெளியிட்டார். பிறகு அதே முறையைப் பொருளின் அணுக்களுக்கும் நீட்டித்து, மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் அணுக்கள் யாவும் ஒரே நிலையில் ஒடுங்கும் என்று கணித்தார். கொலராடோவின் போல்டர் நகரில் ருபீடியம் அணுக்களைக் கொண்டு 1995-ல் அந்த ஒடுக்கநிலை உண்டாக்கப்பட்டது; அதற்கு 2001-ல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. சத்யேந்திரருக்கு அப்பரிசு கிடைக்கவேயில்லை.

அக்கட்டுரையைப் பாராட்டி ஐன்ஸ்டைன் அனுப்பிய அஞ்சலட்டை சத்யேந்திரருக்கு வேறொரு வகையில் கைகொடுத்தது. ஐரோப்பா செல்வதற்கு விடுப்பு கேட்டபோது பல்கலைக்கழகத்தார் அந்த அட்டையைக் கண்டதும் தடையின்றி இசைந்தனர். ஜெர்மன் தூதரகமோ அதைப் பார்த்துவிட்டுக் கட்டணம் வாங்காமலே விசா கொடுத்தது. போசான் என்ற சொல்லை 1945-ல் வழங்கியவர் ஆங்கிலேய இயற்பியலாளர் டிராக். 2012-ல் ஹிக்ஸ் போசான் கண்டறியப்பட்ட செய்தி வந்தபோது, சில இடங்களில் ஜகதீஷ் சந்திரரின் படம் பகிரப்பட்டது வருந்தத்தக்கது.

கேள்வி: மார்க்கோனிக்கு முன்பே வானொலியைக் கண்டுபிடித்தவர் போஸ் என்கிறார்களே?

இங்கு பேசப்படுபவர் ஜகதீஷ் சந்திரர். 1894 முதல் 1896 வரை அவர் கல்கத்தாவில் நடத்திய சோதனைகளில், சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மின்காந்த அலைகளைச் சுவரையும் ஊடுருவிச் செல்ல வைத்து, எட்டியிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்து காட்டினார். இரும்பும் பாதரசமும் சேர்ந்த அலை உணரி ஒன்றை 1899-ல் விவரித்தார். காலீனா என்னும் ஈயத்தாதுப் படிகத்தால் ஆன அவரது உணரிக்கு 1904-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. காப்புரிமை வாங்குவதில் அவருக்கே விருப்பமில்லாதிருக்க, விவேகானந்தரின் சீடர்களான நிவேதிதையும் சாரா புல் அம்மையாரும் வற்புறுத்தி விண்ணப்பிக்கச் செய்தனர். ஆயினும், செய்தித் தொடர்புக்கு உதவும் வணிகச் சாதனமாக வானொலியை ஆக்கும் நோக்கம் அவரிடம் இருக்கவில்லை. ‘வானொலியைக் கண்டுபிடித்தவர்’ என்று ஒற்றை வரியில் சொல்வதைவிட, மில்லிமீட்டர் அலை ஆய்வின் முன்னோடி என்று சொல்வதே அவருக்குச் செய்யும் நியாயம். அந்த அலைவரிசைகளின் அருமை இன்றைய கைப்பேசித் தொழில்நுட்பத்துக்கு நன்கு தெரியும்.

‘தாவரங்களுக்கு உயிர் உண்டு என்று கண்டுபிடித்தவர்’ என்று வினா-விடை நூல்களில் வரும் வரியும் திருத்தப்பட வேண்டியது. அது எவரும் கண்டுபிடிக்க வேண்டிய செய்தியன்று. வெப்பம், மின்சாரம், வேதிப்பொருள் முதலிய தூண்டல்களுக்குத் தாவரம் எவ்வாறு எதிர்வினை புரிகிறது என்பதையும், அதன் நுண்ணிய வளர்ச்சியையும் அளக்கும் கிரெஸ்கோகிராஃப் போன்ற கருவிகளை அவர் உருவாக்கினார்.

கேள்வி: போஸ் நிறுவனமும் எஸ்.என். போஸ் மையமும் ஒன்றா?

அல்ல, இரண்டும் கொல்கத்தாவில் இருப்பதால் வரும் மயக்கம் இது. போஸ் நிறுவனம் ஜகதீஷ் சந்திரர் தம் பிறந்த நாளான நவம்பர் 30 அன்று, 1917-ல் தொடங்கியது. எஸ்.என். போஸ் தேசிய அடிப்படை அறிவியல் மையம் சத்யேந்திரரின் நினைவாக 1986-ல் நிறுவப்பட்டது. நிலவில் உள்ள போஸ் என்னும் பள்ளம் ஜகதீஷ் சந்திரரின் பெயரைத் தாங்குகிறது.

கேள்வி: போஸ் ஸ்பீக்கர் கம்பெனி இவர்களுள் எவருடைய குடும்பத்துக்குச் சொந்தம்?

எவருக்கும் இல்லை. அதை 1964-ல் நிறுவியவர் அமர் கோபால் போஸ். அவருடைய தந்தை நோனி கோபால் போஸ், ஆங்கிலேயருக்கு எதிரான புரட்சி இயக்கத்தில் ஈடுபட்டு, அமெரிக்காவுக்குத் தப்பிச் சென்றவர். பிலடெல்பியாவில் 1929-ல் பிறந்த அமர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பள்ளி மாணவராக இருந்தபோதே ரேடியோப் பெட்டிகளைப் பழுதுபார்த்துக் குடும்பத்துக்கு உதவினார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்த அவர், 2011-ல் தம் கம்பெனியின் பெரும்பான்மைப் பங்குகளை வாக்குரிமை இல்லாத பங்குகளாக அந்தக் கல்வி நிறுவனத்துக்கே அளித்தார். 2013-ல் மறைந்தார்.

கேள்வி: இந்திய தேசிய இராணுவத்தைத் தொடங்கியவர் எந்தப் போஸ்?

இக்கேள்விக்கு ஒரே பெயரில் விடை சொல்வது சரியாகாது. 1942-ல் தளபதி மோகன் சிங் தலைமையில் முதலில் அப்படை உருவானது. அதற்குப் பின்னணியாக நின்ற இந்திய சுதந்திர லீக்கின் தலைவராக விளங்கியவர் ராஷ் பிஹாரி போஸ். 1943 ஜூலை 4 அன்று சிங்கப்பூரில் தலைமைப் பொறுப்பைச் சுபாஷிடம் ஒப்படைத்தவரும் அவர்தாம். ஒரு போஸின் கையிலிருந்து இன்னொரு போஸின் கைக்குத் தலைமை மாறியதால், இருவரும் மாமன், மருமகன் போன்ற உறவினர் என்று எண்ணுவோர் உண்டு. உறவில்லை.

ராஷ் பிஹாரி 1886-ல் பர்தமான் மாவட்டத்தில் பிறந்தவர். டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் தலைமை எழுத்தராக இருந்துகொண்டே இரகசிய இயக்கம் நடத்தியவர். 1912 டிசம்பரில் டெல்லியில் வைஸ்ராய் ஹார்டிங் மீது நடந்த குண்டுவீச்சில் அவருக்குப் பங்கு உண்டு. 1915-ல் அவர் நாட்டை விட்டுத் தப்பியபோது கையாண்ட உத்தி இப்பக்கத்தின் பொருளுக்கு மிகவும் ஏற்றது: ரவீந்திரநாத தாகூர் ஜப்பான் செல்லவிருப்பதாகப் பேச்சு அடிபட்ட நேரத்தில், அவரது உறவினர் போல பி.என். தாகூர் என்ற பெயரில் பயணம் செய்தார். குடும்பப் பெயரை வைத்து உறவை ஊகிக்கும் வழக்கம் காவல்துறையிடமும் இருந்தது அவருக்கு நன்மையாய் முடிந்தது. டோக்கியோவில் நாகாமுராயா என்ற ரொட்டிக்கடையை நடத்திய சோமா குடும்பத்தார் அவரை மறைத்து வைத்துக் காத்தனர். பின்னர் அவர்களுடைய மகள் தோஷிகோவையே மணந்தார். 1927-ல் அக்கடையின் உணவகத்தில் அவர் அறிமுகப்படுத்திய இந்தியக் கறி இன்றும் அங்கே பேர்பெற்றது. விடுதலையைக் காணாமல் 1945 ஜனவரியில் டோக்கியோவில் காலமானார்.

இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்களுள் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழர் மிகுதி. அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படைப்பிரிவின் தலைவி லட்சுமியும் சென்னையைச் சேர்ந்த மருத்துவரே.

கேள்வி: குதிராம் போஸும் நந்தலால் போஸும் எவர்?

குதிராம், முசாபர்பூர் குண்டுவீச்சு வழக்கில் 1908 ஆகஸ்டு 11 அன்று, பதினெட்டாம் வயதில் தூக்கிலிடப்பட்ட புரட்சியாளர். நந்தலால், சாந்திநிகேதனத்துக் கலாபவனத்தை வழிநடத்திய ஓவியர். அரசியலமைப்புச் சட்டத்தின் மூலப்படியை அணிசெய்த சித்திரங்கள் அவரும் அவருடைய மாணவர்களும் தீட்டியவை. இருவரும் டிசம்பர் 3 அன்று பிறந்தவர்கள் என்பது தற்செயல், ஆண்டுகள் வேறு.

நந்தலாலின் வாழ்க்கை மற்றப் போஸ்களின் வாழ்க்கையை அடிக்கடி தொட்டுச் செல்கிறது. ஜகதீஷ் சந்திரரின் நிறுவனக் கட்டடத்தில் அவர் ஓவியம் தீட்டினார். சுபாஷ் தலைமை வகித்த 1938 ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்கு, காந்தியடிகள் கேட்டதற்கிணங்க, கிராமத்து மக்களின் அன்றாடத் தொழில்களைக் காட்டும் சுவரொட்டிகளை வரைந்து கொடுத்தார். பத்ம விபூஷண் விருது 1954-ல் முதன்முறையாக வழங்கப்பட்டபோது, அதைப் பெற்ற ஆறு பேருள் நந்தலாலும் சத்யேந்திரரும் இருந்தனர். அதாவது மூவரில் ஒருவர் போஸ்.

கேள்வி: பெண்கள் எவரும் இப்பட்டியலில் இல்லையா?

உண்டு. ஆனால் திருமணத்தோடு குடும்பப் பெயர் மாறிவிடுவதால் அவர்களை இப்பெயரில் தேடினால் கிடைப்பதில்லை. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1883-ல் பட்டம் பெற்ற முதல் பெண்கள் இருவர்: சந்திரமுகி பாசு, காதம்பினி பாசு. இருவர் பெயரிலும் பாசு இருந்தும் அவர்கள் உடன்பிறந்தோர் அல்லர். சந்திரமுகி வங்காளக் கிறித்தவர், காதம்பினி, இந்து சமயச் சீர்திருத்த இயக்கமான பிரம்ம சமாஜத்தவர். காதம்பினி பின்னர் துவாரகாநாத் கங்குலியை மணந்து, மருத்துவம் பயின்று, காதம்பினி கங்குலி என்றே அறியப்படுகிறார்.

இதற்கு நேர்மாறாக, திருமணத்தால் போஸ் ஆனவர் அபலா. பெண்களுக்கு அப்போது கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இடமில்லாததால், அவர் 1882-ல் சென்னைக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்க இயலவில்லை. ஜகதீஷ் சந்திரரை 1887-ல் மணந்தபின் பெண்கல்விக்கும் கைம்பெண்களின் நலனுக்கும் உழைத்தார்.

கேள்வி: கணிதத்தில் வரும் போஸ் சத்யேந்திரரா?

பெரும்பாலும் ராஜ் சந்திர போஸ் (1901–1987). இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றி, 1949-ல் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றவர். ஒவ்வொரு வரிசையிலும் நிரலிலும் ஒரு குறி ஒருமுறையே வரும் இலத்தீன் சதுரங்கள் குறித்துக் கணிதமேதை ஆய்லர் 1782-ல் கூறிய ஊகம் தவறு என்று 1959-ல் ஸ்ரீகாண்டே, பார்க்கர் ஆகியோருடன் நிறுவினார். தகவல் அனுப்பும்போது நேரும் பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும் பி.சி.எச். குறியீட்டு முறையில் உள்ள பி அவருடைய பெயரின் முதலெழுத்து. செயற்கைக்கோள் தொலைக்காட்சியில் படம் சிதறாமல் வருவதில் அம்முறைக்கும் பங்குண்டு.

கேள்வி: தமிழ்நாட்டிலும் போஸ் என்ற பெயருடையோர் இருக்கிறார்களே, அவர்கள் வங்காளிகளா?

அல்லர். இங்கே அது இயற்பெயர். சுபாஷின் மேல் கொண்ட பற்றினால் போஸ், சந்திரபோஸ், சுபாஷ் சந்திரபோஸ், நேதாஜி என்றெல்லாம் பிள்ளைகளுக்குப் பெயரிடும் வழக்கம் வந்தது. 1939-ல் அவர் மதுரைக்கு வந்து சென்றதும், முத்துராமலிங்கத் தேவர், சுபாஷ் தொடங்கிய பார்வர்டு பிளாக் கட்சியைத் தென்மாவட்டங்களில் வளர்த்ததும் அங்கே இப்பெயர் வேரூன்றக் காரணமாயின. திருப்பரங்குன்றம் சட்டமன்ற உறுப்பினராக இருந்து 2018-ல் மறைந்தவரின் பெயர் ஏ.கே. போஸ், இதில் ஏ.கே. என்பவை முதலெழுத்துகள், போஸ் என்பதே ஆள். அடுத்த தலைமுறையில் அந்தப் போஸும் சுருங்கி, மகன் பெயரின் முன்னே ‘போ.’ என்று நிற்கும்.

2023-ல் ஆஸ்கர் விருது பெற்ற தெலுங்குப் பாடலாசிரியர் சந்திரபோஸ், 2022-ல் மேற்கு வங்கத்தின் ஆளுநராகப் பொறுப்பேற்ற கேரளத்தவர் ஆனந்த போஸ் ஆகியோர் பெயர்களும் இவ்வகையே. ஆனந்த போஸ் கொல்கத்தாவில் பதவியேற்றபோது, பெயரை மட்டும் கேட்டவர்கள் உள்ளூர்க்காரர் என்றே நினைத்திருக்கக்கூடும்.

கேள்வி: சாலைப் பெயர்களில் வரும் போஸ் எவர்?

சென்னை உயர் நீதிமன்றத்தை ஒட்டிச் செல்லும் என்.எஸ்.சி. போஸ் சாலை, நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் பெயரால் அமைந்தது. முன்பு அது சீனா பஜார் சாலை. கொல்கத்தாவில் ஏ.ஜே.சி. போஸ் சாலை, ஆச்சாரிய ஜகதீஷ் சந்திரருக்கு உரியது. சரத் போஸ் சாலை, சுபாஷின் அண்ணனுக்கு உரியது. தென் கொல்கத்தாவின் ராஷ்பிஹாரி அவென்யூவைக் கண்டு டோக்கியோவில் வாழ்ந்த புரட்சியாளரை நினைப்பவர் பலர். அது வழக்கறிஞர் ராஷ் பிஹாரி கோஷின் நினைவாக வைத்த பெயர். அந்தக் கோஷ் அளித்த பெரும் நன்கொடையின் துணையோடு எழுந்த கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில்தான், சத்யேந்திர நாத் போஸ் டாக்காவுக்குச் செல்லும் முன்பு, 1916 முதல் 1921 வரை விரிவுரையாளராகப் பணியாற்றினார்.